பதினாறு வயதைத் திருத்திய வேலை

போன் திரைக்குள் ஆட்களைப் பிறக்க வைத்து, வளர்த்து, கிழவராக்குவது எங்கள் தொழில். அதில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய வெற்றி, பல வருடங்களாக நான் நம்பாத ஒரு கதையின் மேல் நிற்கிறது. அதைச் சொன்னவர் என் ராத்தா, அதாவது மூத்த சகோதரி. கதை என்னைப் பற்றியது. ஆனால் அதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகமில்லை.

விளையாட்டின் பெயர் 'நம்ம வளவு'; வளவு என்றால் வீடும் அதைச் சுற்றிய காணியும். சிலாபத்தில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் ஆறு பேர் சேர்ந்து அதைச் செய்கிறோம். விளையாடுபவர் ஒரு வீடு கட்டி, ஒரு குடும்பத்தைக் குடியேற்றுவார். பிள்ளை பிறக்கும், தவழும், பள்ளிக்கூடம் போகும், பிறகு கல்யாணம் முடிக்கும். நான் புத்தளத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவன். விளையாட்டைத் தமிழில் எழுதித் தரத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பிறகு அந்தக் குடும்பங்களுக்கு நடக்கும் சம்பவங்களையும் எழுதச் சொன்னார்கள். எழுதத் தொடங்கியபோதுதான் பழுது தெரிந்தது. பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை எங்கள் ஆட்கள் வெறும் உயரம் குறைந்த பெரியவர்கள். வேலைக்கும் போக மாட்டார்கள், மடியிலும் ஏற மாட்டார்கள். சும்மா நிற்பார்கள்.

இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வீட்டில் பதினாறு வயதில் ஒன்று இருக்கும். உங்களுக்கு ஒன்றுதான். எனக்கு, விளையாடுகிற வீட்டுக்கு ஒன்று. ஆகவே என் கஷ்டத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கேக் வெட்டும் அவசரம்

எங்கள் விளையாட்டில் ஒரு பருவம் தானாக முடியச் சில நாட்கள் எடுக்கும். அவசரமென்றால் ஒரு பிறந்தநாள் கேக்கை வெட்டலாம். வெட்டியதும் ஆள் அடுத்த பருவத்துக்குப் போய்விடுவார். குழந்தை தவழும் காலத்தில் யாரும் கேக்கைத் தொடுவதில்லை. பல் முளைப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பதின்மூன்று வந்ததும் கத்தியை எடுப்பார்கள்.

கீழே பேக்கரியில் பாண் வாங்க வரும் ஒரு பெண் எங்கள் விளையாட்டை விடாமல் விளையாடுபவர். நான் மேல்மாடிக்காரன் என்று தெரிந்ததும் வரிசையில் நின்றபடியே போனைத் திறந்து தன் குடும்பத்தைக் காட்டினார். நான்கு பிள்ளைகள். நான்கு பேரும் பன்னிரண்டிலிருந்து நேரே இருபதுக்கு வந்தவர்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். அவருடைய சொந்த மகள், பள்ளிக்கூட உடுப்போடு, எங்களைத் தெரியாதவள்போல முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். தாய் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பதிமூணு வந்தா அண்டைக்கே கேக் வெட்டிருவன் அண்ணே. வீட்டுல அதுக்கு வழியில்ல, இதுலயாவது வெட்டுறன்."

முதலாளியின் யோசனை

முதலாளி ரொஷான் சிலாபத்துச் சிங்களப் பையன். தமிழ் நன்றாகப் பேசுவான், என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவான். எல்லோரும் தாண்டிப் போகும் பருவத்தை எதற்காக வைத்திருக்கிறோம் என்று ஒருநாள் கேட்டான். அடுத்த பெரிய வெளியீட்டுக்கு முன் அதில் ஆட்களைத் தங்கவைக்க வழி காணாவிட்டால் பருவத்தையே எடுத்துவிடுவதாக முடிவு செய்தான். பிள்ளை, அதற்கடுத்து பெரிய ஆள். அவ்வளவுதான்.

ஷெரினின் முகம் விழுந்துவிட்டது. அவள் கற்பிட்டிக் கரையில் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்துப் பெண். கணினிக்கு நிரல் எழுதுபவள். இந்தப் பருவத்துக்கென்றே சேர்க்கப்பட்டவள். பருவம் போனால் அவளும் போவாள். எனக்கோ வேறொன்று குத்தியது. இந்தத் தாண்டல் எனக்குத் தெரிந்த தாண்டல். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, பதினாறு வயதில் மன்னாரில் பள்ளிக்கூடப் பையனாக வள்ளத்தில் ஏறினேன். வாப்பா அதற்கு முந்திய வருடமே காலமாகியிருந்தார். கற்பிட்டியில் இறங்கிய ஆளுக்கு உம்மாவையும் ராத்தாவையும் பார்க்கும் பொறுப்பு இருந்தது. அகதி முகாமுக்கு வந்த முதல் கிழமையே, ஏழு நாள்கூட ஆகுமுன், தென்னந்தோட்டத்தில் தேங்காய் பொறுக்கப் போய்விட்டேன். எனக்கும் யாரோ ஒரு கேக்கை வெட்டிவிட்டார்கள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் ரொஷானிடம் சொல்லவில்லை. ஒருவனை இப்படி நடுவில் வெட்டுவது நியாயமில்லை என்று மட்டும் வாதாடினேன். அவன் சிரித்தான். "நானா, நேத்து ரப்பர் பந்து அடிச்சவன் இண்டைக்கு மீசையோட வந்தா, விளையாட்டுல யாரும் பொலிசுக்குப் போக மாட்டாங்க."

திரைச்சீலையை அடித்த மகள்

முதல் திருத்தம் கோபம். பதினாறு வயதுக்குக் கோபம் வரவேண்டும், வந்தால் தெரியவேண்டும் என்று முடிவு செய்தோம். நாங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்த அசைவுத் தொகுப்பில், அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தும் அசைவு ஒன்று அழகாக இருந்தது. ஷெரின் அதைப் பொருத்தினாள். எங்கள் கணினியில் கதவு அதிர்ந்தது. கைதட்டினோம். அன்றே விளையாடுபவர்களுக்கும் அனுப்பிவிட்டோம்.

விளையாடுபவர்கள் வீடு கட்டும்போது உள்ளறைகளுக்குக் கதவு போடுவதில்லை. திரைச்சீலைதான் தொங்கவிடுவார்கள். விளையாட்டில் மிக அதிகமாக விலைபோன பொருளே ஷெரின் வரைந்த பூப்போட்ட திரைச்சீலை. அதற்கு விளக்கம் எழுதியவன் நான். என் சொந்த வீட்டில் வாசலுக்கும் குளியலறைக்கும் தவிர வேறெங்கும் கதவில்லை. இருந்தும் எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் அது மண்டையில் ஏறவில்லை. கோபம் வந்த பிள்ளை சீலைக்கு முன்னால் நின்று அதை அடித்தது. சீலையைச் சாத்த முடியவில்லை. சாத்தும்வரை அடிக்கவேண்டும் என்பது கட்டளை. முன்னேஸ்வரம் பக்கமிருந்து ஒரு அம்மா போன் எடுத்தார். நான் என் பெயரைச் சொல்வதற்கு முன்பே தொடங்கிவிட்டார்: "தம்பி, மூணு நாளாப் பிள்ள அந்தச் சீலைக்கு அடிச்சிக்கிட்டே நிக்கிது. கோயிலுக்குக் கூட்டிப் போற பொத்தான் எங்க இருக்கு?"

கணக்கு வாத்தியார்

இரண்டாவது திருத்தம் என்னுடையது. ஒரு கணக்கு வாத்தியாரைப் போட்டு டியூஷன் வகுப்பு வைத்தேன். உண்மையில் வகுப்பு எனக்கு முக்கியமில்லை. வகுப்புக்குப் போகாமல் கூட்டாளிமாரோடு கடற்கரைக்குப் போவது, அகப்படுவது, பொய் சொல்வது என்று பன்னிரண்டு சம்பவங்களை எழுதி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. விளையாடியவர்கள் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை பிள்ளைக்கு வகுப்புகளை அடுக்கிவிட்டார்கள். கடற்கரைக்குப் போக அதற்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சவில்லை. நான் எழுதிய பொய்களெல்லாம் சொல்லப்படாமலே கிடந்தன.

காட்டோரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வயல் செய்யும் ஒருவர் பேசினார். குறை சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவருக்குத் தெரியவேண்டியது வேறு. "எங்கட பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லித் தர ஆளில்ல. உங்கட விளையாட்டுல ஒருத்தர் ஒவ்வொரு நாளும் வாறாரே, அவர எங்க பிடிச்சீங்க?"

கரைவலைக்காரரின் அளவு

வெளியீட்டுக்கு ஒரு மாதம் இருந்தது. ஷெரின் வீட்டில் வேலை போகப்போகும் விஷயத்தைச் சொல்லவில்லை. தம்பி படிப்பது அவள் சம்பளத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தகப்பனைப் பார்க்கப் போனேன். கரைவலை இழுப்பவர், ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். பதினாறு வயதில் ஒரு பிள்ளை என்ன செய்யும் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். கொப்பியும் பேனையும் கொண்டு போயிருந்தேன்.

அவர் வலையின் கிழிசலைப் பார்த்தபடி நான் கேட்டதை யோசித்தார். என் கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னொரு விதமாகக் கேட்டேன். ஷெரின் பின்னால் நின்று, "அப்பா, சும்மா சொல்லுங்கவன்" என்றாள். அவருக்கு முதலிலேயே விளங்கியிருந்தது. "அப்பிடியொரு வயசு இங்க இல்ல ஐயா. கயித்தப் பிடிக்க உயரம் வந்தா ஆள், வராட்டிப் பொடி. நடுவுல என்னத்தத் தேடுறீங்க?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது கொப்பியில் ஒன்றுமில்லை. அவர் சொன்னது சரியாக இருந்தால் ரொஷான் சொன்னதும் சரி. நான் இல்லாத ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

இரண்டு இடது செருப்பு

அடுத்த நாள் ராத்தா வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் அவர் எடுப்பது எப்போதும் ஒரே கதைதான். கல்யாண வீடுகளில், பெருநாளில், என் பிள்ளைகளுக்கு முன்னால் எல்லாம் அதைச் சொல்லியிருக்கிறார்.

"நீ பெரிய மனுசனாத்தான் வள்ளத்தால இறங்கினியோ? முகாம்ல உடுப்பு, செருப்பு குடுத்தாங்க. உனக்கு வந்த சோடியில ரெண்டும் இடது கால். அதுக்கு ரோசப்பட்டு மூணு நாள் பாயில கிடந்த. ஊரே இல்லாமப் போயிட்டு, உனக்குச் செருப்புப் பிரச்சின! உம்மா ஏசல்ல, கெஞ்சல்ல. சோத்துல மீன் ஆணத்த ஊத்தி, மேல இன்னொரு தட்ட வச்சு, முழுசா மூடாம ஒரு விரல் இடைவெளி விட்டு, தலமாட்டுல வச்சிருவா. வச்சிட்டு எல்லாரையும் வெளிய கூட்டிப் போயிருவா. திரும்பி வந்தாத் தட்டுக் காலி. சாப்பிட்டியா எண்டு ஒரு வார்த்த கேக்க மாட்டா. கழுவி வச்சிருவா."

வழக்கம்போல மறுத்தேன். அந்தக் கிழமை நான் தோட்டத்தில் தேங்காய் பொறுக்கினேன், மூன்று நாள் படுத்திருக்க எனக்கு ஏது நேரம் என்றேன். செருப்பு எனக்கு ஞாபகமே இல்லை. வெறுங்காலோடு நடந்ததுதான் ஞாபகம். உம்மா மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டதால் கேட்க வேறு ஆளும் இல்லை. ராத்தா மட்டும் அசையவில்லை. "நீ மறந்திட்ட. பாயில கிடந்தவனுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது?"

அம்மாவின் கை

நம்பாத கதையைக் களவெடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஷெரினிடம் சொன்னேன். கதை முடிந்ததும் கதிரையை இழுத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் போய்விட்டாள். கதவை அடிக்கும் அசைவை எடுத்தெறிந்தாள். இனிக் கோபம் வந்த பிள்ளை சுவரைப் பார்த்துப் படுக்கும். கூப்பிட்டால் எழும்பாது. கெஞ்சினால் இன்னும் ஒருநாள் கூடும். தட்டை மூடி வைத்து, வீட்டிலுள்ள எல்லோரையும் வெளியே அனுப்பினால் மட்டும், சற்று நேரத்தில் ஒரு கை போர்வைக்குள்ளிருந்து வரும். சாப்பிட்ட பிறகு யாராவது 'சாப்பிட்டாயா' என்ற பொத்தானை அழுத்திவிட்டால் ரோசம் முதலிலிருந்து தொடங்கும். இதில் எதையும் விளையாட்டு சொல்லித் தராது. தானாகக் கண்டுபிடிக்கவேண்டும்.

பரிசோதித்துப் பார்த்தபோது பிள்ளை பட்டினியாகவே கிடந்தது. காரணம் தாய். சமையலறைக்கு வெளியே எங்கே தட்டைக் கண்டாலும் எடுத்துக் கழுவவேண்டும் என்று நாங்கள்தான் முன்பு அவளுக்கு எழுதி வைத்திருந்தோம். மூடிய தட்டையும் எடுத்தாள். சோறு முடிந்ததா என்று பார்க்கவில்லை. எத்தனை முறை தடுத்தாலும் வேறொரு வழியால் அறைக்குள் வந்தாள். வெளியே அனுப்பினால் யன்னலுக்குக் கிட்டப் போய் நின்றாள். ஒரு கிழமை போராடிய ஷெரின் கண்ணைத் தேய்த்துக்கொண்டு சொன்னாள்: "மகன் லேசு அங்கிள். அம்மாட கைய நிப்பாட்டுறதுதான் பெரிய வேலை."

முதலாளி வராத கூட்டம்

வெளியீட்டுக்கு முன் ரொஷான் இரண்டு நாள் தனியாக விளையாடிப் பார்ப்பது வழக்கம். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். பருவம் இருக்குமா, எடுக்கப்படுமா என்று அதில்தான் சொல்வான். ஷெரின் அன்றைக்குக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருந்தாள். நான் வரும் வழியில் துஆ ஓதிக்கொண்டே வந்தேன். பத்தரை ஆனது. பதினொன்றும் ஆனது. அவன் அறையிலிருந்து வரவில்லை. எங்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறான் என்று ஷெரின் முணுமுணுத்தாள். அவள் தன் மேசையிலிருந்த சாமான்களை மெதுவாகப் பையில் போடத் தொடங்கிவிட்டாள்.

கடைசியில் நான்தான் போய்க் கதவைத் தட்டினேன். எங்கள் கட்டிடத்தில் கதவுள்ள ஒரே அறை அவனுடையது. உள்ளே போனில் குனிந்து உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு வீடு, வெளியே முற்றத்தில் தாய், தகப்பன், இரண்டு தங்கைமார், ஒரு நாய். எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தான். உள்ளே பாயில் சுவரைப் பார்த்தபடி ஒரு பையன். அவனுக்கு ரொஷான் என்று பெயர் வைத்திருந்தான். கூட்டம் என்றேன். தலை நிமிராமல் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். "பொறுங்க நானா, சத்தம் போடாதீங்க. அவன் இன்னும் சாப்பிடல்ல."

கேக் வெட்டாத கிழமை

வெளியான கிழமையே தெரிந்துவிட்டது. எங்கள் விளையாட்டில் கேக் வெட்டுவது நின்றுபோயிற்று. விளையாடுபவர்கள் பதினாறு வயதில் தங்கினார்கள். தங்கி, தட்டை மூடி, வெளியே போய் நின்று, ஒருவருக்கொருவர் இரகசியம் சொல்லிக்கொண்டார்கள். மீன் வைத்தால் வேகமாகச் சாப்பிடுகிறான், பருப்பென்றால் மாலைவரை எடுக்கிறான் என்றெல்லாம் எழுதினார்கள். மீனுக்கும் பருப்புக்கும் நாங்கள் எந்த வித்தியாசமும் வைக்கவில்லை. ஷெரினின் சம்பளம் கூடியது. அவள் தகப்பன் ஒரு கூடை நிறைய இறால் அனுப்பி வைத்தார். ரொஷான் விளையாட்டின் முகப்பில், என்னைக் கேட்காமலே, 'எங்கள் எழுத்தாளரின் சொந்த வாழ்க்கையில் நடந்தது' என்று என் பெயரோடு போட்டுவிட்டான். அதைக் காணும்போதெல்லாம் விரலால் வேகமாகத் தள்ளிவிடுவேன். எல்லோரும் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன்.

பேக்கரிக்கு வரும் அந்தப் பெண்ணை ஒருநாள் மீண்டும் கண்டேன். மகள் பக்கத்தில் இல்லை. ஏதும் பிரச்சினையோ என்று நினைத்தேன். அவர் என்னை ஓரமாகக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, நிசப் பிள்ளைக்கும் செஞ்சு பாத்தன். மூடி வச்சிட்டு மதில் ஓரமா போய் நிண்டன். சாப்பிட்டுட்டா! நான் ஒண்டும் கேக்கல்ல, கேக்கவும் மாட்டன்."

ராத்தா விளையாடினார்

வெற்றியைக் கொண்டாட வீட்டில் புரியாணி ஆக்கினோம். சாப்பாடு முடிந்து ராத்தா கதிரையில் சாய்ந்துகொண்டு, "உன்ட பதினாறு வயசக் காட்டு பாப்பம்" என்றார். போனைக் கொடுத்தேன். ஐம்பத்து மூன்று வயதிலும் விரல் வேகம். தட்டை வைத்தார், மூடினார், எல்லோரையும் வெளியே அனுப்பினார். பிறகு முகத்தைச் சுளித்தார். "பிழையா வச்சிருக்கிறீங்க. இடைவெளி வாசல் பக்கமா நிக்கிது. இத ஆள்ட மூக்குப் பக்கமாத் திருப்பணும். பாயில கிடந்து ஒத்தக் கண்ணால பாத்தா, உள்ளுக்க இருக்கிறது மீன் தலையோ நடுத்துண்டோ எண்டு தெரியணும். நடுத்துண்டு எண்டாத்தான் கை போகும்."

உம்மா வெளியே கூட்டிப் போன ஆளுக்கு இது எப்படித் தெரியும்? இத்தனை வருடமும் என் ஞாபகத்தைத்தான் சந்தேகித்தேன். கதையைச் சந்தேகித்தேன். சொன்னவர் அப்போது எங்கே இருந்தார் என்று ஒருமுறையாவது யோசிக்கவில்லை. அவருக்கு அப்போது பதினெட்டு வயது. நான் தோட்டத்தில் இருந்தேன். முகாம் கொட்டிலில் இருந்தது உம்மாவும் ராத்தாவும், இரண்டே பேர்.

ஊர்ப் பிள்ளைகளுடைய பதினாறு வயதையெல்லாம் என் பெயரில் திருத்திக் கொடுத்துவிட்டு, முகப்பிலே எழுதியிருப்பதை இனி எப்படி மாற்றுவது என்றும் தெரியாமல், ராத்தாவின் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி வைத்துக்கொண்டு நான் கேட்டது இவ்வளவுதான்: "ராத்தா, அந்தப் பாயில கிடந்தது நீங்கதானே?"